ஈரம் காய்வதற்குள்

அத்தியாயம் பதினொன்று

சிஸ்டர் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய் இன்றோடு மூன்று வாரம். வந்த கடிதங்களில் பாதி அவரைத் திட்டுகின்றன. "இந்த வயதில் என்ன வீம்பு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மீதிப் பாதி வாட்ச்காரர் மேல் சந்தேகப்படுகின்றன. பாவம் அந்த மனிதர், ஈயை விரட்டுவதற்குக்கூட மன்னிப்புக் கேட்கிற ஆள். அவரைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரம் இரண்டு கட்சிக்காரர்களும் கொஞ்சம் அசடு வழிய வேண்டியிருக்கும்.

இன்றைக்குத்தான் முதன்முதலாக இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டாம். சிஸ்டர் முப்பத்துநாலு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்துமூன்று. மகனையும் மருமகளையும் தவிர எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். கட்டிய கணவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். கணவருக்கு மார்க்கெட் முக்கில் வாட்ச் ரிப்பேர் கடை. மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் மட்டும் வீட்டில் இருப்பான். மருமகள் இவர்களோடுதான். ஏழு மாதக் கர்ப்பிணி. தோலுக்குப் பூசும் க்ரீம் தயாரிக்கிற சின்ன கம்பெனி ஒன்றில், பரிசோதனை அறையில் வேலை.

தினமும் காலையில் சிஸ்டரின் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டு, அவர் மணிக்கட்டில் தானே கட்டிவிடுவது வாட்ச்காரரின் வழக்கம். தியேட்டருக்குப் போனதும் அதைக் கழற்றத்தான் போகிறார் என்று தெரிந்தும் அந்த முப்பத்துநாலு வருஷமும் கட்டிவிட்டார். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் சிஸ்டர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"தொடாதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து கூடத்தில் மடக்குக் கட்டில். தனித் தட்டு, தனி டம்ளர், தனிச் சோப்பு. கடிகாரம் மேஜை மேல் மூன்று ஐம்பதில் நின்றுபோய்க் கிடக்கிறது.

வாட்ச்காரர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். கேட்காமலே ஒரு முடிவுக்கு வந்தார். கடைக்கு மேலே காலியாக இருந்த அறையின் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போன வாரம் அவரை அங்கேதான் விட்டுவந்தோம்.

இன்று காலை, சிஸ்டர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மேட்ரன் வர்றாங்க. அவங்களோட போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்றார், புடவையை மடித்தபடி. கழுத்து வரை பூட்டிய, மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை. புழுக்கம் பிழிந்தெடுக்கிற இந்த நாளில்.

மேட்ரன் என்றால் சிஸ்டரின் பழைய மேலதிகாரி. எழுபத்தைந்து வயதிலும் அவர் குரல் கேட்டால் சிஸ்டர் எழுந்து நிற்பார்.

"கொஞ்ச நாள்னா?" என்று கேட்டது மருமகள்.

"பிரசவம் ஆகி, குழந்தைக்கு ஒரு மூணு மாசம் ஆகட்டும்."

"அத்தை! அப்போ எனக்கு யாரு இருப்பா?"

"உங்கம்மாவை வரச் சொல்லலாம். நல்ல மனுஷி."

வாட்ச்காரர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. ஒரு கால் செருப்பை மாட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மற்றதையும் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மருமகளுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, அத்தையிடம் இன்று நேருக்கு நேர் கேட்டே விடுவது என்று சமையலறைக்குப் போனாள்.

சிஸ்டர் மேல் தட்டிலிருந்து டப்பா ஒன்றை எடுக்கக் கையை உயர்த்தியிருந்தார். ரவிக்கையின் கை முழங்கை வரை வழிந்து இறங்கியது.

மருமகள் கேட்க வந்ததை மறந்தாள். அந்த முன்கை முழுக்கப் பழைய பீங்கான் கோப்பையில் ஓடுகிற மாதிரிக் கீறல்கள். கீறலுக்கு நடுவே செதில். சில கீறல்களில் ரத்தம் காய்ந்திருந்தது.

"அத்தை, என்ன இது?" என்று கையை நீட்டினாள்.

"கிட்ட வராதே!" சிஸ்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். டப்பா கீழே விழுந்து உருண்டது. "தொட்றாதேம்மா. வயித்துல புள்ளை இருக்கு."

அந்த ஒரு வரியில் மருமகளுக்கு மூன்று வாரமும் விளங்கிவிட்டது. கோபம் இல்லை, வீம்பு இல்லை. இந்த அம்மாள் பயந்துபோயிருக்கிறார்.

"உட்காருங்க அத்தை. நான் இங்கேயே நிக்கறேன், தொடல. சொல்லுங்க."

சிஸ்டர் முக்காலியில் உட்கார்ந்தார். தியேட்டரில் ரத்த வெள்ளத்தைப் பார்த்து அசராதவர், இதைத் தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பத்து வாரம் ஆச்சு. முன்னாடி எங்ககூட வேலை பார்த்த ஆயா ஒருத்தி ஆஸ்பத்திரியில படுத்திருந்தா இல்ல, பார்க்கப் போனேன். கையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு விடவே இல்ல. அப்புறம் கேள்விப்பட்டேன், அந்த வார்டுல ரெண்டு பேருக்கு ஸ்கேபீஸ். தோலுக்குள்ள பூச்சி போய் அரிக்குமே, அது. மறுவாரமே எனக்குக் காலு அரிச்சுது. அப்புறம் கை, இடுப்பு. ராத்திரி ஆனா உயிர் போகுது."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"முப்பத்துநாலு வருஷம் டாக்டருங்க பக்கத்துலயே நின்னவ. எனக்குத் தெரியாதா என்ன செய்யணும்னு?"

என்ன செய்தார் என்பதையும் சொன்னார். பூச்சிக்கான மருந்தை உடம்பு முழுக்க மூன்று தடவை பூசியிருக்கிறார். காலையும் மாலையும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், அதில் கிருமிநாசினி இரண்டு மூடி. அரிப்பு கூடக் கூட மூடியும் கூடியது. கடைசியாக, தியேட்டரில் கை தேய்க்கிற அந்தக் குட்டி பிரஷ். சுத்தம் குறைவதால்தான் போகவில்லை என்று அதால் தேய்த்துத் தேய்த்துக் குளித்திருக்கிறார்.

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். தியேட்டர் நர்ஸைத் தவிர வேறு யாரும் தன்னைத் தானே இப்படிச் செய்துகொண்டிருக்க முடியாது.

"அத்தை, மாமாவுக்கு அரிக்குதா?"

"இல்ல. அதுக்குத்தானே தள்ளிப் படுத்தேன்."

"மூணு வாரமாத்தான். அதுக்கு முன்னாடி ஏழு வாரம் ஒரே கட்டில், ஒரே போர்வை. எனக்குத் தலை பின்னிவிட்டீங்க. எனக்கும் ஒண்ணும் இல்ல. உண்மையிலேயே பூச்சின்னா எங்கள்ல ஒருத்தராவது இந்நேரம் சொறிஞ்சுக்கிட்டு நிக்கணுமா இல்லையா?"

சிஸ்டர் விரல் விட்டு வாரங்களை எண்ணிப் பார்த்தார்.

"விரல் இடுக்கைக் காட்டுங்க. பூச்சின்னா முதல்ல அங்கதான் தெரியும்."

காட்டினார். சுத்தமாக இருந்தது.

"நான் டாக்டர் இல்ல அத்தை. இது என்னன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா வேலையில தினமும் இருபது கை பார்க்கறேன். க்ரீமைச் சோதிக்க முப்பது வயசுக்காரங்க தோலை டேப் ஒட்டி லேசா உரிச்சா ரெண்டு மூணு நாள்ல மூடிக்கும். அறுபது வயசுக்காரங்களுக்கு ஒரு வாரம் தாண்டியும் மூடாது. நீங்க தினம் ரெண்டு வேளை உரிக்கிறீங்க. சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம். பூச்சின்னு சொன்னா நானே உங்களைப் பஸ் ஏத்தி விடறேன்."

"வண்டியில நீ முன்னாடி உட்காரணும். நான் பின்னாடி."

"சரி."

"அவர்கிட்ட சொல்லக் கூடாது."

"சத்தியமா சொல்லல" என்றாள் மருமகள். அரை மணி நேரத்தில் அவள் வாட்ச் கடையில் இருந்தாள்.

கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு விளக்கு, ஒரு ஸ்டூல். வாட்ச்காரர் கண்ணில் லென்ஸ் மாட்டி, விரல் நுனிகளில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு, ஒரு கைக்கடிகாரத்தின் முதுகைத் திறந்து வைத்திருந்தார்.

"மாமா, ஒரு நிமிஷம்."

"வாம்மா. நானே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்." அவர் லென்ஸைக் கழற்றவில்லை. கழற்றினால் கண் தெரிந்துவிடும். "உங்க அத்தை எதுக்கு அவ வீட்டை விட்டுப் போகணும்? என்னைத்தானே பிடிக்கல. நான் இந்த மாடிக்கு வந்துடறேன். சாவி வாங்கியாச்சு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வண்டிக்காரரையும் வரச் சொல்லிட்டேன். மடக்குக் கட்டில் ஒண்ணு போதும் எனக்கு. அவ பெரிய கட்டில்ல நிம்மதியாப் படுக்கட்டும். கூடத்துல படுத்து முதுகு வலிக்கும் அவளுக்கு."

"மாமா, அத்தைக்கு அரிப்பு."

"என்னது?"

"தோல் அரிப்பு. உங்களுக்கும் எனக்கும் ஒட்டிக்கும்னு பயந்து ஒதுங்கியிருக்காங்க."

லென்ஸ் கண்ணிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தது.

"அரிப்பா?" என்றார் வாட்ச்காரர். "வெறும் அரிப்பா?" இன்னொரு தடவை கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று முகம் தடுமாறி, கடைசியில் இரண்டையும் செய்தது. "மூணு வாரமா நான் என்னடா தப்பு பண்ணினோம்னு கல்யாணத்துல இருந்து வரிசையா யோசிச்சுப் பார்த்துட்டேம்மா. நாப்பத்தஞ்சு தப்பு கிடைச்சுது."

அன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை மூடிற்று. பக்கத்துக் குடைக்கடைக்காரர், வாட்ச்காரர் வீட்டில் ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு டாக்டர் அறையில் மூன்று பேருமாகப் போய் நின்றார்கள். சத்தியத்தைக் காற்றில் விட்ட மருமகளை சிஸ்டர் வழி நெடுக முறைத்துக்கொண்டே வந்தார்.

தோல் டாக்டர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்துவிட்டார்.

"சிஸ்டர்! என்னை ஞாபகம் இல்லையா? பயிற்சி டாக்டரா உங்க தியேட்டருக்கு வந்தேன். முதல் நாளே மூணு தடவை திரும்பப் போய்க் கை கழுவ வெச்சீங்க."

சிஸ்டர் உற்றுப் பார்த்தார். "நாலு தடவை" என்றார்.

டாக்டர் அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். கை, கால், இடுப்பு, விரல் இடுக்கு என்று ஒவ்வொன்றாக விளக்கு வைத்துப் பார்த்தார். செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே மைக்ராஸ்கோப்.

அந்தப் பத்து நிமிஷம் சிஸ்டர் கைகளைத் தன் மடியிலேயே கட்டி வைத்திருந்தார். வாட்ச்காரர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அருகில் வந்தால் திட்டு விழும் என்று தெரியும்.

டாக்டர் திரும்பி வந்தார்.

"பூச்சி இல்ல சிஸ்டர். ஒண்ணுகூட இல்ல. யாருக்கும் ஒட்டாது."

சிஸ்டர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தத் தெரியாத மாதிரி ஆடியது தலை.

"வறட்சி. வறண்டு வெடிச்சு, அதுலேயே எக்ஸிமா ஆயிருக்கு. வயசாக ஆகத் தோல்ல எண்ணெய்ப் பசை குறையும் சிஸ்டர். மேல் தோல்ல செல்லுக்கு நடுவுல பசை மாதிரி கொழுப்பு இருக்கு, அதுதான் உள்ளே இருக்கற ஈரத்தைக் காப்பாத்தும். வெளியில இருந்து எதுவும் உள்ள வராமத் தடுக்கும். சின்ன வயசுல அது போனா சீக்கிரம் ஊறும். இப்ப மெதுவாத்தான் ஊறும். நீங்க ஊற ஊறக் கழுவி விட்டுட்டீங்க. பூச்சி மருந்து வேற அதைக் கிளப்பிவிட்டிருக்கு."

"வாஷர் காஞ்சு போச்சு" என்றார் வாட்ச்காரர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல... வாட்சுல, முதுகு மூடிக்கு உள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது காஞ்சா தண்ணி உள்ள போயிடும். இன்னும் நல்லாத் துடைக்கணும்னு துடைச்சா இன்னும் காயும். அதுக்கு ஒரு சொட்டு கிரீஸ் தடவணும். அவ்வளவுதான்."

"ரொம்பச் சரி" என்றார் டாக்டர். பிறகு சிஸ்டர் பக்கம் சாய்ந்தார். முறைப்படி பார்த்தால் திட்ட வேண்டும். அவருக்குத் திட்ட வாய் வரவில்லை. "ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சே. எந்த ஆபரேஷனுக்கு சிஸ்டர் இன்னும் கை கழுவிட்டே இருக்கீங்க?"

சிஸ்டருக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்தார். வெடித்த இடத்துக்கு மட்டும் ஒரு வாரம் ஒரு களிம்பு. மற்றபடி வெந்நீர் கூடாது, இளஞ்சூடு போதும், ஐந்து நிமிஷத்தில் குளித்து முடிக்க வேண்டும். கிருமிநாசினியும் பிரஷும் குப்பைக்கு. சோப்பு மென்மையானதாக, தேவையான இடத்துக்கு மட்டும். துண்டால் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். உடம்பில் ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிஷத்தில், வாசனை சேர்க்காத கெட்டியான க்ரீமைப் பூசிவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து வந்து காட்ட வேண்டும்.

"உங்க கம்பெனி க்ரீமா?" என்று வழியில் சிஸ்டர் மருமகளைக் கேட்டார்.

"எங்க கம்பெனி க்ரீம்ல ரோஜா வாசனை போடுவாங்க அத்தை. உங்களுக்கு இப்ப ஆகாது."

இந்தத் தடவை மருமகள் பின்சீட்டில், அத்தையை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் சிஸ்டர் தயங்கித் தயங்கிக் கையை எடுத்து அவள் வயிற்றின் மேல் வைத்தார். உள்ளே இருந்த ஆள் பட்டென்று ஓர் உதை விட்டது. மூன்று வாரமாகக் காத்திருந்த கோபம் போலும்.

வீட்டுக்கு வந்ததும் சிஸ்டர் முதல் வேலையாக மேட்ரனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். அப்போதும் எடுக்கவில்லை.

"கிளம்பிட்டாங்க போல" என்றார் கலவரத்தோடு. "ஒரு முடிவு எடுத்துட்டா மேட்ரன் திரும்ப மாட்டாங்க. என்னைக் கூட்டிட்டுப் போகாம நகர மாட்டாங்க. அவங்க முன்னாடி நின்னு யாரு சொல்றது?"

"குளிங்க முதல்ல" என்றாள் மருமகள்.

ஐந்து நிமிஷம். குளியலறையிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வந்தது. தேய்க்கிற சத்தம் வரவில்லை. சிஸ்டர் மெல்லிய பருத்தி உடையில், ஈரம் மின்ன, தங்கள் அறைக்குள் வந்து பெரிய கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு.

"மூணு நிமிஷம்னு சொன்னாங்க. யாராவது மணி பாருங்க. எனக்கு முதுகு எட்டாது" என்றார் சுவரைப் பார்த்தபடி.

வாட்ச்காரர் மேஜை மேலிருந்த அவருடைய கடிகாரத்தை எடுத்தார். சாவி கொடுத்தார். காதில் வைத்துக் கேட்டார். நேரத்தைச் சரிசெய்து இருவரும் பார்க்கிற மாதிரி கட்டிலில் வைத்தார். கை ஆறுகிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் பொட்டலத்தை எடுத்து, விரல் நுனிகளில் ஒவ்வொன்றாக ரப்பர் உறையை மாட்ட ஆரம்பித்தார்.

"அது எதுக்கு?"

"கை படக் கூடாதுன்னு..." வாட்ச்காரர் இழுத்தார். "நீதானே தொடாதேன்னு..."

சிஸ்டர் திரும்பி அந்த விரல்களைப் பார்த்தார்.

"கழட்டுங்க" என்றார்.

வாட்ச்காரர் கழற்றினார். வெறும் கையில் க்ரீமை எடுத்தார். முதலில் முன்கை, பிறகு முழங்கை, பிறகு முதுகு. முப்பத்தாறு வருஷமாகக் குண்டூசி முனை அளவு திருகாணிகளைத் திருகிய விரல்கள். எங்கே அழுத்த வேண்டும், எங்கே கூடாது என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பத்து வாரத்தில் முதல் தடவையாகத் தோல் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சிஸ்டர்."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

வாட்ச்காரர் கணுக்காலுக்குப் பூசக் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து ஏதோ நழுவித் தரையில் விழுந்து ஒலித்தது.

சிஸ்டர் எடுத்துப் பார்த்தார். க்ரீம் பட்ட கையில் வழுக்கியது, கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இது எந்தப் பூட்டுச் சாவி?"

வாட்ச்காரர் கணுக்காலையே பார்த்துப் பூசினார்.

"கடை மாடி ரூம்."

"அங்க யாரு போறா?"

"நான்தான். நீ உன் வீட்டுல நிம்மதியா இருக்கணும்னு..."

சிஸ்டருக்குக் கோபம்தான் வர வேண்டும். ஆனால் கதவோரம் தான் கட்டி வைத்த பெட்டி கண்ணில் பட்டது. கோபப்பட வழியில்லாமல் போயிற்று.

"எனக்குத் தோலு கெட்டுப்போச்சு, பெட்டி கட்டினேன். உங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"புத்தி" என்றார் வாட்ச்காரர்.

சிஸ்டர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அவர் தலைமுடியைக் கலைத்தார். க்ரீம் எல்லாம் தலையில் அப்பிக்கொண்டது. வாட்ச்காரர் அதைத் துடைக்கவில்லை. இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு.

"சிஸ்டர், நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வண்டிக்காரர் வருவாரு. வேணாம்னு சொல்லலாம்னா அவர்கிட்ட போன் கிடையாது."

"எதை ஏத்த வர்றாரு?"

"மடக்குக் கட்டிலை."

சிஸ்டர் கதவு வழியே கூடத்தைப் பார்த்தார். மூன்று வாரம் தூக்கமில்லாமல் புரண்ட அந்தக் கட்டில், அவருடைய தலையணையோடு, விளக்கடியில் கிடந்தது. எழுந்து போனார். தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, பெரிய கட்டிலில் பழைய இடத்தில் போட்டார்.

"ஏத்திட்டுப் போகட்டும்" என்றார். "இனிமே அது இங்க எதுக்கு?"